தசைநாணும் நுண்குமிழ்த் தூதும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உதைபந்தாட்ட மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இளைஞன் ஒருவன் திடீரெனக் குதிக்காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். பின்னாலிருந்து யாரோ உதைத்துவிட்டதாக எண்ணித் திரும்பிப் பார்க்கிறான், ஒருவருமில்லை. அறுந்தது அவனுடைய குதிநாண். அன்று தொடங்கி அவன் மனத்தை அரிப்பது ஒரே கேள்வி: "இனி ஓடுவேனா?" அக்கேள்விக்கு விஞ்ஞானம் தேடிவரும் விடையொன்றைப் பற்றியே நாம் இன்று சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

தசையை எலும்போடு பிணைக்கும் கயிறே தசைநாண். கொலாசன் என்னும் புரத இழைகள், கயிற்றின் புரிகளைப் போல, ஒரே திசையில் நெருங்கி அமைந்தமையால் அதற்கு அத்துணை வலிமை. ஆனால் தசைநாணிற் குருதியோட்டம் குறைவு, உயிர்க்கலங்களும் குறைவு. ஆகவே காயம் முற்றும் ஆறுவதற்குப் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கு மேலும் செல்லும். ஆறிய இடத்திலும் பழைய ஒழுங்கு திரும்புவதில்லை. தாறுமாறாகப் பின்னிய வடுவிழையே அங்கு வளர்கின்றது. முடிச்சிட்ட கயிறு புதுக்கயிறு ஆகுமா?

இக்குறையை நீக்க எண்ணிய வைத்தியர்கள் என்பு மச்சையிலும் கொழுப்பிலும் உள்ள மூலக்கலங்களை நாடினர். காயத்திற் செலுத்தினால் அவையே நாணாக மாறிவிடும் என்று முதலில் நம்பினர். ஆனால், செலுத்திய கலங்களிற் பெரும்பாலானவை அங்கு நெடுநாள் தங்கவில்லை. ஆயினும் விலங்குகளில் நன்மை தென்பட்டது. கலம் மறைந்த பின்னும் நன்மை நின்றது எவ்வாறு?

இதற்கு விளக்கம் தரும் கதை 1983ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. கனடாவின் மொன்றியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்து றோஸ் ஜோன்ஸ்ரன் அம்மையாரின் குழுவினர் ஆட்டின் இளஞ் செங்குருதிக் கலங்களை ஆராய்ந்தனர். அவை முதிரும்போது நுண்ணிய குமிழ்களை வெளியே தள்ளுவதைக் கண்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலும் வேறொரு குழுவினர் இதனைக் கண்டனர். 1987இல் அம்மையாரின் குழுவினர் இக்குமிழ்களை எக்சோசோம் என்று அழைத்தனர். கலம் தனக்கு வேண்டாதவற்றைக் கட்டி எறியும் குப்பைப்பொதி இது என்றே பலரும் நெடுங்காலம் கருதினர்.

இதன் குறுக்களவு ஏறத்தாழ 30 முதல் 150 நனோமீற்றர் வரையாகும். 100 நனோமீற்றர் அளவுள்ள குமிழ்களை வரிசையாக வைத்தால், ஒரு செங்குருதிக் கலத்தின் அகலத்தை நிரப்ப எழுபதுக்கு மேல் வேண்டும். இத்துணைச் சிறிய பொதிக்குள்ளே ஆர்.என்.ஏ. என்னும் செய்திப் பொருள் இருப்பதையும், அது வேறொரு கலத்துட் சென்று வேலை செய்வதையும் 2007இல் சுவீடன் நாட்டுக் கோதென்பேர்க் ஆராய்ச்சியாளர் காட்டினர். குப்பை என்று ஒதுக்கியது கடிதமாக இருந்தது! 2010இல் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர், மூலக்கலங்களின் எக்சோசோம்கள் சுண்டெலிகளின் இதயச் சேதத்தைக் குறைத்தன என அறிவித்தனர்.

பின்னர் தசைநாணுக்கும் முறை வந்தது. எலி, சுண்டெலி, முயல் ஆகியவற்றின் நாண்களில் இக்குமிழ்களை இட்டுப் பார்த்தனர். காயத்தில் அழற்சியை மூட்டும் விழுங்கு கலங்கள், சீர்திருத்தும் இயல்புக்குத் திரும்பின. கொலாசன் இழைகள் முன்னிலும் ஒழுங்காயின. பல சோதனைகளில் நாணின் வலிமையும் கூடிற்று.

அப்படியாயின் நாளைக்கே ஊசி போடலாமே என்பீர்கள். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். சோதனைக்கூடத்தில் வெட்டப்படுவது பெரும்பாலும் இளம் விலங்கின் நல்ல நாண். மனிதனுக்கு அறுவதோ பலவேளைகளில் ஆண்டுக்கணக்கில் உள்ளே தேய்ந்த நாண். மேலும், எந்தக் கலத்திலிருந்து எடுப்பது, எவ்வாறு தூய்மையாக்குவது, எவ்வளவு கொடுப்பது என்பவற்றில் ஆராய்ச்சியாளரிடையே ஒரே முறை இன்னும் நிலைபெறவில்லை.

ஆனால் வணிகம் ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கவில்லை. 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அங்கீகாரமற்ற எக்சோசோம் பொருட்களைப் பெற்ற நெப்ராஸ்கா மாநில நோயாளர் சிலருக்குக் கடுந்தீங்கு நேர்ந்ததென்றும், தான் அங்கீகரித்த எக்சோசோம் மருந்து எதுவுமில்லை என்றும் அது கூறிற்று. விழுந்து கிடக்கும் இளைஞனின் ஏக்கத்தைப் பணமாக்குவோர் எங்கும் உண்டு.

ஆகவே, இத்தகைய ஊசியை யாரேனும் விலை கூறினால் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். இது எதிலிருந்து எடுக்கப்பட்டது? எந்த அரசு இதனை அங்கீகரித்தது? பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டு மனிதரிற் சோதித்தனரா? நேரான விடை வராவிடில் எழுந்து வந்துவிடுவோம். நல்ல வைத்தியரிடம் செல்வோம்; அவர் சொல்லும் காலம்வரை காலுக்கு ஓய்வு கொடுப்போம்; பின் அவர் சொல்லும் பயிற்சியை நாள்தோறும் தவறாது செய்வோம். அளவாக ஏற்றும் பாரமே புதிய இழைகளைத் திசைப்படுத்துகின்றது.

குப்பைப்பொதியென்று நினைத்ததைக் கடிதமென்று அறிய உலகிற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. அக்கடிதத்தைப் பிழையின்றி வாசிக்க இன்னும் சில காலம் செல்லலாம். அதுவரை நம்பிக்கையையும் கைவிடோம், நிதானத்தையும் கைவிடோம்.