படிவத்தில் ஒரு டிக், கடலில் ஐம்பது மீட்டர்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"ஆஸ்திரேலியா போய்விட்டு வந்தீர்களே சார், ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஊர் சுற்றிய கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் அங்கே செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு உபயோகப்படும்.

என் மகள் பிரிஸ்பேனில் இருக்கிறாள். அங்கிருந்து காரில் தெற்கே இரண்டு மணி நேரம் போனால் பைரன் பே என்ற ஊர். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி முனை அங்கேதான் இருக்கிறது. 1770-ல் கேப்டன் குக் அந்த முனைக்கு ஜான் பைரன் என்ற கடற்படை அதிகாரியின் பெயரை வைத்தார். கவிஞர் பைரனுக்கு அவர் தாத்தா. முனையின் உச்சியில் 1901-ல் கட்டிய வெள்ளை லைட்ஹவுஸ் இருக்கிறது. கீழே கடலில் வருஷம் முழுக்க டால்பின்களைப் பார்க்கலாம். நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்கிறார்களே, அதுதான். ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கிலங்களும் அந்த வழியாகப் போகும்.

இவற்றைப் பார்க்க வழிகாட்டியோடு கயாக்கில் கூட்டிப்போகிறார்கள். கயாக் என்றால் நீளமான, ஒடுக்கமான படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். இன்ஜின் கிடையாது. இரண்டு முனையிலும் தகடு வைத்த துடுப்பால் நாமே தள்ள வேண்டும். பத்து வயதுப் பேரன் ஒரு மாதமாகவே "தாத்தா, நீயும் நானும் ஒரே போட்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கடற்கரையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். "இதய நோய் உண்டா?" என்று ஒரு கேள்வி. எனக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன். "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். முப்பத்து நாலு வருஷம் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "மறைக்காமல் எழுதுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஊருக்கே உபதேசம் செய்தவன் நான்.

வழிகாட்டி ஒரு இளம் பெண், என் மகளைவிடச் சின்னவள். எல்லோரையும் மணலில் உட்காரவைத்துப் பேசினாள். அலையைத் தாண்டும்போது படகு கவிழலாம். கவிழ்ந்தால் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள், அடுத்த அலை படகை உங்கள் மேலேயே தூக்கிப் போடும் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள்: "உங்கள் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயத்துக்கு நான் தயாராக இருக்க முடியாது."

அது எனக்கென்றே சொன்னது போல இருந்தது. தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. எப்போது வைத்தது, என்ன மாத்திரை, நீந்தத் தெரியுமா என்று கேட்டாள். பிறகு, "இன்று அலை பெரிது. டாக்டர் கடிதம் இல்லாமல் உங்களை ஏற்ற மாட்டேன். கடிதத்தோடு இன்னொரு நாள் வாருங்கள்" என்றாள். மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்லப் போவதில்லை. பேரன் முகம் தொங்கிப் போய்விட்டது. அவனும் அவளும் ஒரு படகில் போனார்கள்.

நான் பக்கத்திலிருந்த பாறை மேட்டில் ஏறி நின்றேன். அங்கிருந்து எல்லாப் படகுகளும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் கறுப்பாக முதுகுத் துடுப்புகள் தெரிந்தன. வழிகாட்டி தன் துடுப்பைத் தூக்கிக் காட்டினாள். எல்லாப் படகும் ஒன்றுகூடி நின்றுவிட்டன. நானாக இருந்தால், "போ, போ, பக்கத்தில் போ" என்று கத்தியிருப்பேன். அவர்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். சில நிமிஷம் கழித்து அந்தத் துடுப்புகள் திரும்பின. ஐந்தாறு டால்பின்கள் தாமாகவே வந்து, பேரன் படகை ஒட்டிப் போயின.

திரும்பி வந்ததும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அந்த மாநிலத்துச் சட்டப்படி டால்பினுக்கு 50 மீட்டர் தள்ளித்தான் படகு நிற்க வேண்டுமாம். குட்டி இருந்தால் 150 மீட்டர். திமிங்கிலத்துக்கு 100, குட்டியோடு இருந்தால் 300. பின்னாலிருந்து துரத்தக் கூடாது, முன்னால் போய் மறிக்கவும் கூடாது. கயாக் சத்தமே போடாதே, அதனால் என்ன தொந்தரவு என்று நினைக்கிறோம். சத்தமில்லாமல் திடீரென்று பக்கத்தில் போய் நின்றாலும் அவை மிரளும். நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டால் அவற்றால் இரை தேடவும் முடியாது, ஓய்வெடுக்கவும் முடியாது. நாம் நின்றபின் தாமாகவே வந்தால், அது அவற்றின் இஷ்டம்.

சென்னையில் என் டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்து ஈமெயிலில் கடிதம் அனுப்பினார். பத்து நாள் கழித்து, அலை குறைவான ஒரு காலையில் போனோம். அந்தப் பெண் என்னைத் தன் படகிலேயே முன்னால் உட்காரவைத்துக்கொண்டாள். அன்று ஒரு டால்பின்கூட வரவில்லை. ஒரு பச்சை ஆமை தலையைத் தூக்கி, மூச்சு விட்டு, என்னைப் பார்த்துவிட்டு முங்கிப் போனது. அவ்வளவுதான். "தாத்தா, உனக்கு டால்பின் வரலையே" என்று பேரன் வருத்தப்பட்டான். "நான் அன்னைக்கே மேலேருந்து பார்த்துட்டேன்டா" என்றேன்.

நண்பர்களே, உங்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, இப்படிப் போக ஆசைப்பட்டால் கிளம்பும் முன்பே இங்கே டாக்டரைக் கேட்டுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். பயணக் காப்பீட்டுக்கும் இது பொருந்தும். இருக்கிற நோயை மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். மூன்று, எங்கே போனாலும் விலங்கு நம்மிடம் வரட்டும், நாம் துரத்த வேண்டாம்.

இதற்காக ஆஸ்திரேலியா போகத்தான் வேண்டுமென்றில்லை. நம் மன்னார் வளைகுடாவிலும் டால்பின்கள் இருக்கின்றன. நம் வனவிலங்குச் சட்டமும் அவற்றைப் பாதுகாக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை நம் சென்னைக் கடற்கரைக்கே பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் ராத்திரி முழுக்க நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு அவர்களோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். அங்கேயும் இதே விதிதான்: டார்ச் அடிக்காதீர்கள், தொடாதீர்கள், தள்ளி நில்லுங்கள்.