எலிக்காய்ச்சலும் ஒரு பட்டாவும்



தஞ்சாவூரில் காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால் உடனே மேட்டூர் அணை வந்துவிடும். சூன் 12இல் திறந்தார்களா, குறுவை பிழைத்ததா, கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டியதா? தேவையான கேள்விகள்தான். ஆனால் எல்லாமே நிலம் உள்ளவரின் கேள்விகள்.

கொள்ளிடம் இங்கிருந்து இறங்கி, சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கடலைத் தொடுகிறது. அந்தப் பகுதியில் இருளர்கள் வாழ்கிறார்கள். 'ஜெய்பீம்' படத்தில் அவர்கள் வயலில் எலி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். (உண்மை வழக்கில் கொல்லப்பட்ட ராசாக்கண்ணு குறவர், அது தனிப் பேச்சு.) அறுவடை முடிந்து வளையை வெட்டினால் எலிக்கறியும் கிடைக்கும், எலி சேர்த்த நெல்லும் கிடைக்கும். பிச்சாவரம் பக்கம் போனால் சேற்றுத் தண்ணீரில் இறங்கி, வெறுங்கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள்.

கடல் சூடாகச் சூடாக, பல நாளில் பெய்யவேண்டிய மழை ஒரே நாளில் கொட்டுகிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. பயிர்ச்சேதக் கணக்கு எடுத்தார்கள். வளைகள் மூழ்கியதை யார் கணக்கெடுப்பது? எலியின் சிறுநீரில் உள்ள லெப்டோஸ்பைரா கிருமி தேங்கிய தண்ணீரில் கலக்கும். தோலில் கீறல் இருந்தால் அதன் வழியே உடம்புக்குள் போகும். அதுதான் எலிக்காய்ச்சல். வளை வெட்டுகிற கையில், நண்டுக் கொடுக்கு கிழித்த விரலில், கீறல் இல்லாத நாள் ஏது? காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி என்று தொடங்கும். நாள் முழுக்கச் சேற்றில் நின்றவருக்குக் கால் வலித்தால் அதை நோய் என்றா நினைப்பார்? ஆரம்பத்திலேயே பார்த்தால் மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும். விட்டால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். மருத்துவ முகாம் நடக்கிற பகலிலோ அவர்கள் தண்ணீரில் இருப்பார்கள். இறங்காவிட்டால் அன்றைக்கு உலை கொதிக்காது.

பழங்குடிகள் இயற்கையோடு வாழத் தெரிந்தவர்கள், எதையும் தாங்கிக்கொள்வார்கள் என்று கருத்தரங்குகளில் புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிக்காது. 2004 சுனாமியில் பிச்சாவரத்து அலையாத்திக் காடு பின்னால் இருந்த குடியிருப்புகளைக் காத்தது உண்மை. ஆனால் குடிசைத் தரையை மழைத் தண்ணீருக்கு மேலே உயர்த்த அந்தக் காட்டால் முடியாது.

வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் போகும், அவ்வளவுதான். பள்ளத்தில் யார் குடியிருப்பது என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிட்டது. டெல்டாவில் ஊர் மேட்டில், சேரி தாழ்வில். இருளருக்குச் சேரியிலும் இடமில்லை; வாய்க்கால் கரையும் ஏரிப் புறம்போக்கும்தான். இப்போது நீர்நிலைப் பாதுகாப்பு என்று வந்தால் முதலில் 'ஆக்கிரமிப்பு' ஆவதும் அந்தக் குடிசைதான்.

2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் இருளருக்கு வீடு உண்டு. வீட்டுக்கு மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும், இருளர் என்பதற்குச் சான்று வேண்டும். பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தரமுடியாது, கோட்டாட்சியர்தான் தரவேண்டும். கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை அலைவது?

இங்கே சிதம்பரம், சீர்காழி, கும்பகோணத்தில் படிக்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். அக்டோபரில் மழை தொடங்கிவிடும். அதற்குள் சான்று இல்லாத குடும்பங்களின் பட்டியலை எடுத்துக் கோட்டாட்சியரிடம் கொடுப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு மனு: காய்ச்சல் முகாமை மாலை ஆறு மணிக்குமேல், குடியிருப்புக்கே வந்து நடத்துங்கள். பட்டியல் எடுக்க வருகிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள்.