உள்ளே இருந்து போராடுவதா, வெளியே போவதா?
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர், பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் இடதுசாரிப் பிரிவினர் அந்தக் கட்சிக்கு ஒரு தலைவலி என்றார். தலைவலிதான், மறுக்கவில்லை. ஆனால் தலைவலி ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டாமா? அதற்கு ஒரு மூக்குக் கண்ணாடியின் கதையைச் சொல்கிறேன்.

1948 ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. மருத்துவர், மருந்து, கண்ணாடி, பொய்ப்பல் எல்லாம் இலவசம். அதைக் கட்டியெழுப்பிய அமைச்சர் அனுரின் பெவன், வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். மூன்றாண்டுகள்கூட முடியவில்லை, கொரியப் போர் வந்தது. ஆயுதங்களுக்கு மூன்றாண்டுகளில் 470 கோடி பவுண்டு செலவிடுவதாக அவருடைய கட்சியின் அரசே முடிவு செய்தது. 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல், கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் பாதி விலையை நோயாளியே கொடுக்க வேண்டும் என்றார். அதில் முதல் ஆண்டில் மிச்சமாவது ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் பவுண்டு. 470 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெவன் பதவி விலகினார். அவருடன் ஹெரால்ட் வில்சனும் ஜான் ஃபிரீமனும் விலகினார்கள்.

பிடிவாதம் என்று அப்போது பலர் சொன்னார்கள். அவருடைய குணமும் அப்படித்தான். கோபக்காரர், நாவடக்கம் இல்லாதவர். ஆனால் நடந்தது என்ன? அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த சர்ச்சில், அந்த ஆயுதத் திட்டத்தை நினைத்த வேகத்தில் நடத்த முடியாதென்று குறைத்துக் கொண்டார். கட்டணம் மட்டும் நின்றுவிட்டது. 1952ல் மருந்துச் சீட்டுக்கும் ஒரு ஷில்லிங் என்றார்கள். கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் காற்று எவ்வளவு வரும் என்பதைத் திறந்தவர் தீர்மானிப்பதில்லை.

பெவனைச் சுற்றி நின்றவர்களைப் ‘பெவனைட்டுகள்’ என்றார்கள். 1937ல் தொடங்கப்பட்ட ‘டிரிபியூன்’ ஏடு அவர்களுடைய குரல். கட்சிக்குள்ளேயே கட்சியா என்று தலைமை கடிந்து கொண்டது. 1955ல் பெவனை வெளியேற்றும் அளவுக்கே போய்விட்டது. அவர் போகவில்லை. சொல்லப்போனால் 1957ல், பிரிட்டன் மட்டும் தனியாக அணுகுண்டைக் கைவிட வேண்டும் என்ற தன் ஆதரவாளர்களின் கோரிக்கையையே மாநாட்டு மேடையில் எதிர்த்துப் பேசி அவர்களை அழ வைத்தார். அணிக்குத் தலைவராக இருப்பது வேறு, அணிக்கு அடிமையாக இருப்பது வேறு.

அவருடன் விலகிய வில்சன் 1964ல் பிரதமரானார். சீடர் மைக்கேல் ஃபூட் 1980ல் கட்சித் தலைவரானார். ஆகவே இவர்கள் வெறுமனே ஓரத்தில் நின்று கூச்சலிட்டவர்கள் அல்லர்.

இப்போது இவர்கள் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். என் அணியினர் கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை. அதுவரை தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். 1981 ஜனவரியில் வெம்பிளி சிறப்பு மாநாட்டில் அந்த முறை மாறியது. தொழிற்சங்கங்களுக்கு 40 விழுக்காடு, தொகுதிக் கிளைகளுக்கு 30, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 30. நியாயமான கோரிக்கைதான். ஆனால் வலதுசாரியினர் நால்வர் வெளியேறி, மார்ச் மாதத்தில் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். கட்சி இரத்தம் சிந்திக் கொண்டிருந்த அதே ஆண்டில் டோனி பென் துணைத் தலைவர் பதவிக்கு நின்றார். டெனிஸ் ஹீலி 50.426, பென் 49.574. ஒரு விழுக்காடுகூட வித்தியாசம் இல்லை! நீல் கின்னக் போன்ற டிரிபியூன் குழுவினர் சிலர் யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கியதுதான் முடிவைத் தீர்மானித்தது. அன்றோடு இடதுசாரியே இரண்டாகப் பிளந்தது. கடுமையானவர்கள் 1982ல் ‘சோஷலிஸ்ட் கேம்பெய்ன் குரூப்’ என்று தனியாகப் போனார்கள். 1983 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 27.6 விழுக்காடு, 209 இடங்கள். சட்ட விதிகளுக்காக அத்தனை மாலைகளைச் செலவிட்டவர்கள், வாக்காளர் வீட்டுக் கதவைத் தட்ட மறந்துவிட்டார்கள்.

‘மிலிட்டண்ட்’ என்ற குழுவை இவர்களோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ளக் கூடாது. அது கட்சிக்குள் புகுந்து இயங்கிய டிராட்ஸ்கியக் குழு. லிவர்பூல் நகர மன்றம் தன் ஊழியர்களுக்கே வேலை நீக்க அறிவிப்பை வாடகைக் கார்களில் அனுப்பியதை 1985 மாநாட்டில் கின்னக் சாடியபோது, அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து.

நடுவர் அவர்களே, பிறகு ஏன் வெளியேறவில்லை என்று கேட்டீர்கள். சிங்கப்பூரில் 1961ல் மக்கள் செயல் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் 13 பேர் பிரிந்து பாரிசான் சோஷலிஸ் கட்சி உருவானதை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரிட்டனில் தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற முறை. அங்கே வெளியே போனவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாக்கு, இடம் அல்ல. தொழிற்சங்கங்களும் கட்சியோடு பிணைந்தவை. அதனால்தான் பொறுத்துக் கொண்டு உள்ளேயே இருந்தார்கள்.

அந்தப் பொறுமைக்கு 2015ல் ஒரு விசித்திரமான பலன் கிடைத்தது. ஜெரமி கோர்பின் போட்டியிட 35 உறுப்பினர்களின் முன்மொழிவு தேவை. கிடைத்தது 36. அவர் வெல்ல மாட்டார், விவாதமாவது நடக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டவர்களும் அதில் உண்டு. மூன்று பவுண்டு கட்டிப் பதிந்தவர்களும் வாக்களிக்கலாம் என்ற புதிய முறையில் அவர் 59.5 விழுக்காட்டில் வென்றார். 2017ல் கட்சிக்கு 40 விழுக்காடு வாக்கு, 2019ல் 32.1 விழுக்காடு, 202 இடங்கள். ஏறினார், விழுந்தார். யூத எதிர்ப்புப் புகார்களைக் கட்சி கையாண்ட விதம் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2020ல் சமத்துவ ஆணையம் கூறியதையும் மறைக்கக் கூடாது. 2021ல் முன்மொழிவு வரம்பை 20 விழுக்காடாக உயர்த்திவிட்டார்கள். இன்னொரு 36 வந்துவிடக் கூடாதல்லவா!

கடைசியாக ஒன்று. ஒரு குடும்பத்தில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான் உதவித்தொகை, மூன்றாவது பிள்ளைக்கு இல்லை என்ற விதியை 2017ல் கன்சர்வேட்டிவ் அரசு நடைமுறைப்படுத்தியது. 2024 ஜூலையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே அதை நீக்கக் கோரி வாக்களித்த அதன் சொந்த உறுப்பினர்கள் ஏழு பேரை, ஆறு மாதம் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து தள்ளி வைத்தார்கள். காசு இல்லை என்பது காரணம். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அதே அரசு, 2026 ஏப்ரல் முதல் அந்த விதி இராது என்று அறிவித்தது. ஏழு பேரில் ஆறு பேர் அதற்குள் படிப்படியாகத் திரும்பச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சாரா சுல்தானா மட்டும் காத்திருக்கவில்லை. 2025 ஜூலையில் கட்சியை விட்டே போய், கோர்பினோடு புதிய கட்சி தொடங்கும் வேலையில் இறங்கினார்.