தப்பான ரூட், சரியான ஆள்

இன்னிக்கு உம்பர்ட்டோ எக்கோ எழுதின 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' பத்திப் பேசலாம். 1980ல இத்தாலிய மொழியில வந்த நாவல். முன்னாடியே சொல்லிடறேன், கொலையாளி யாருன்னும் சொல்லப்போறேன். ஸ்பாய்லர் பிடிக்காதவங்க இங்கேயே பாஸ் பண்ணிடுங்க.

1327 நவம்பர். வட இத்தாலியில மலை மேல ஒரு பெனடிக்டைன் மடாலயம். பாஸ்கர்வில் ஊரைச் சேர்ந்த வில்லியம்னு ஒரு பிரான்சிஸ்கன் துறவி, கூட அட்ஸோன்னு ஒரு இளம் சீடன். ஊர்ப் பேரைக் கேட்டதும் ஷெர்லாக் ஹோம்ஸ் ஞாபகம் வருதா? எக்கோ வேணும்னே வச்சதுதான். ஏழு நாள்ல வரிசையா துறவிகள் சாகறாங்க.

முதல் ஆள் ஆலங்கட்டி மழை பெய்த ராத்திரியில மேலிருந்து விழுந்து கிடக்கிறார். அடுத்தவர் பன்றி ரத்தம் நிறைஞ்ச தொட்டியில தலைகீழா. மூணாவது ஆள் குளியல் தொட்டியில. இதைப் பார்த்த ஒரு வயசான துறவி, பைபிள்ல உலக முடிவைப் பத்திச் சொல்ற பகுதியோட இதைக் கோக்கிறார்: ஏழு எக்காளம், ஆலங்கட்டி, ரத்தம், தண்ணீர். வில்லியமும் அந்த வரிசையைப் பிடிச்சுக்கிட்டுப் போறார். கடைசியில கொலையாளி முன்னாடி போய் நிக்கிறார்.

ஆனா அப்படி ஒரு திட்டமே கிடையாது! முதல் ஆள் தானே குதிச்சவர். இன்னொருத்தரைப் பொறாமையில வேற ஒருத்தர் மண்டையில அடிச்சுக் கொன்னது. மத்தவங்கள்ல பெரும்பாலானவங்க செத்தது ஒரு புத்தகத்தால. இதுல பெரிய கூத்து, இந்த எக்காளக் கதை காதுல விழுந்ததும் கொலையாளியே அதை நம்ப ஆரம்பிச்சிட்டார். 'கடவுள்தான் இதை நடத்தறார், நான் பொறுப்பில்ல'ன்னு மனசைத் தேத்திக்க அவருக்கு அது வசதியா இருந்தது. எனக்கு இந்த நாவல்லயே ரொம்ப பயமா இருந்த இடம் இதுதான், பிணங்கள் இல்ல.

அந்தப் புத்தகம், அரிஸ்டாட்டில் நகைச்சுவையைப் பத்தி எழுதினதாச் சொல்லப்படற பகுதி. நிஜத்துலயும் அது நம்ம கைக்கு வந்து சேரல. 'கவிதையியல்'ல சோக நாடகம் பத்தின பகுதிதான் மிஞ்சியிருக்கு. ஹோர்ஹேன்னு கண் தெரியாத ஒரு கிழத் துறவி அதோட பக்கங்கள்ல விஷம் தடவி வச்சிருக்கார். தாள் ஒட்டிக்கும், படிக்கிறவன் விரலை நாக்குல தொட்டுத் தொட்டுப் புரட்டுவான். எவ்வளவு ஆர்வமாப் படிக்கிறானோ அவ்வளவு சீக்கிரம் சாவான். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதேன்னு வீட்டுல திட்டு வாங்கினவங்களுக்கு இது கூடுதலா உறைக்கும்.

ஏன் இவ்வளவு வெறி? சிரிக்கிறவனுக்குப் பயம் போயிடும், பயம் போனா கடவுள் எதுக்குன்னு கேப்பான். இதான் ஹோர்ஹேயோட வாதம். அவர் முட்டாள் இல்ல. அவர் பேசுறப்ப ஒரு நிமிஷம் நமக்கே நியாயமாத் தோணும், எக்கோ அப்படி எழுதியிருக்கார்.

1986ல ஷான் கானரி நடிச்சு படமா வந்துச்சு. நல்ல படம்தான், ஆனா வில்லியம் தோத்துப்போற வலி அதுல அவ்வளவா இல்ல. நாவலோட முதல் நூறு பக்கம் மெதுவாத்தான் போகும். அதைக் குறைக்கச் சொல்லிப் பதிப்பகத்துல கேட்டாங்க, எக்கோ மாட்டேன்னுட்டார். மலை ஏறி அந்த மடாலயத்துக்குள்ள வர்றவன் அதோட வேகத்துக்குப் பழகணும்னு அவர் நினைச்சார். ரெண்டாவது நாள் வரைக்கும் பொறுத்துப் பாருங்க. நூலகத்தோட ரகசிய வழி திறந்ததுக்கு அப்புறம் நீங்களா கீழ வைக்க மாட்டீங்க.