சில்லுகளின்மேல் ஒரு சிறு வீடு



"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது நம் முன்னோர் மொழி. அடக்கமாகக் கட்டு, கடன்படாது குடியிரு, செல்வம் பெருகியபின் அறைகளைக் கூட்டிக்கொள் என்பது அதன் கருத்து. ஆனால், சிறிதாகக் கட்டுவதையே சட்டம் தடுக்குமாயின் ஒருவன் என் செய்வான்? இந்த விசித்திரமான வினா ஐக்கிய அமெரிக்காவிலே எழுந்தது. அங்குள்ள சிலர் அதற்குக் கண்ட விடையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். அவர்கள் தம் வீடுகளின் கீழே சில்லுகளைப் பூட்டினார்கள்.

வீட்டுக்குச் சில்லுப் பூட்டுவது முற்றிலும் புதுமையன்று. கோடன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், பிறிஸ்ரல் நகரத்து வண்டித் தொழிற்சாலையொன்றில் அழகியதொரு வண்டிவீட்டைச் செய்வித்தார். 1885 ஆம் ஆண்டில் அதிலே குதிரைகளைப் பூட்டி, தென்னிங்கிலாந்திலிருந்து வடக்கே இன்வெர்ணஸ் நகர்வரை பயணஞ் செய்தார். அவர் சில்லை நாடியது ஊர் பார்ப்பதற்கு. அமெரிக்கச் சிறுவீட்டார் சில்லை நாடியதோ ஓரிடத்தில் அமைதியாகக் குடியிருப்பதற்கு. இம்முரண்பாட்டை விளங்கிக்கொண்டால், இவ்வீடுகளின் கதை முழுவதும் விளங்கிவிடும்.

அமெரிக்காவில் வீடுகள் ஆண்டுக்காண்டு பெருத்து வந்தன. 1973 ஆம் ஆண்டில் அங்கு புதிதாகக் கட்டப்பட்ட தனிவீடொன்றின் சராசரிப் பரப்பு ஏறத்தாழ 1,660 சதுர அடி. 2015 ஆம் ஆண்டில் அது 2,600 சதுர அடியையும் தாண்டிற்று. அதே காலத்தில் ஒரு வீட்டில் வாழ்வோரின் தொகையோ குறைந்தது. ஆட்கள் அருக அருக அறைகள் பெருகின; அறைகளோடு கடனும் பெருகிற்று. 2008 ஆம் ஆண்டை ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியின்போது, கடன் தவணையைக் கட்ட இயலாது வீட்டை இழந்த குடும்பங்கள் பல. இவ்வளவு பெரிய வீடு நமக்கு எதற்கு என்ற கேள்வி அப்போது பலர் உள்ளத்தில் எழுந்தது.

அக்கேள்வியை அதற்குமுன்பே எழுப்பியவர்களும் உளர். 1990களின் இறுதியில், அயோவா மாநிலத்தில் ஜே ஷேபர் என்பவர் ஏறத்தாழ நூறு சதுர அடியில் தமக்கொரு வீட்டை அமைத்தார். அத்துணைச் சிறிய வீட்டை நிலத்தில் கட்டச் சட்டவிதிகள் இடந்தரவில்லை. அந்நாட்டின் மாதிரிக் கட்டட விதிகளிலே, வீட்டின் ஓர் அறையாவது 120 சதுர அடிக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. ஊராட்சிகள் பலவும் தத்தம் எல்லைக்குள் வீட்டின் மொத்தப் பரப்புக்கு அதனினும் உயர்ந்த அளவுகளை விதித்திருந்தன. ஆகவே ஷேபர் தம் வீட்டை இழுவண்டி ஒன்றின்மேல், அதாவது நாம் ட்றெயிலர் என வழங்கும் வண்டியின்மேல், ஏற்றிவிட்டார். சில்லேறியதும் அது கட்டடம் என்னும் பெயரை இழந்து, வண்டியில் ஏற்றிய சுமை என்னும் பெயரைப் பெற்றது. கட்டட விதி அதனைத் தொடவில்லை.

அவ்விதிகளை இயற்றியோர் ஏழைகளின் பகைவர் என்று நாம் முடிவுகட்டிவிடலாகாது. காற்றும் வெளிச்சமும் அற்ற நெருக்கமான குடியிருப்புகளில் எளிய மக்கள் நோயுற்று மடிந்த காலம் ஒன்றிருந்தது. நியூயோர்க் மாநிலம் 1901 ஆம் ஆண்டில் இயற்றிய குடியிருப்புச் சட்டம் போன்றவை அக்கொடுமையைத் தடுக்கவே பிறந்தன. பேராசை கொண்ட வீட்டுச் சொந்தக்காரனைக் கட்டுப்படுத்த எழுந்த விதி, பிற்காலத்தில் தன் விருப்பால் சிறிதாக வாழ எண்ணியவனையும் கட்டுப்படுத்தியது என்பதே உண்மை.

இனி, இத்தகைய வீடு எவ்வாறு கட்டப்படுகின்றது என்று பார்ப்போம். நிலத்தில் வீடு கட்டுபவன் மனையை அளக்கிறான். இவ்வீட்டைக் கட்டுபவனோ வீதியை அளக்க வேண்டும். தனி அனுமதியின்றி வீதியில் இழுத்துச் செல்வதற்கு அகலம் எட்டரை அடியை மிஞ்சலாகாது. மிகப் பல மாநிலங்களில் உயரம் பதின்மூன்றரை அடியை மிஞ்சலாகாது. சுவர்களின் தடிப்பும் கூரை விளிம்பும் போக, உள்ளே எஞ்சும் அகலம் ஏறத்தாழ ஏழரை அடி. வண்டித் தட்டே நிலத்திலிருந்து இரண்டடி உயரம். மிகுதி உயரத்தில் கீழே நின்று நடமாடவும் மேலே ஒரு பரணில் படுத்துறங்கவும் இடம் வகுக்க வேண்டும். பரணிலே உட்காரலாம், நிமிர்ந்து நிற்க இயலாது.

அடுத்தது பாரம். இருபதடி நீளமான சிறுவீடு ஒன்று ஏறத்தாழ 8,000 முதல் 10,000 இறாத்தல் வரை நிறை கொள்ளும். வண்டியின் இரண்டு அச்சுகளும் அதனைத் தாங்கியாக வேண்டும். மொத்தப் பாரத்தில் பத்து முதல் பதினைந்து வீதம் முன்னால் உள்ள இணைப்பின்மேல் விழுதல் நன்று. பாரம் பின்பக்கம் மிகுந்துவிட்டால், வேகமாகச் செல்கையில் வண்டி வாலாட்டத் தொடங்கும். இழுக்கும் வாகனத்தையும் கவிழ்த்துவிடக்கூடும். ஆகவே அடுப்பு எங்கே, தண்ணீர்த் தாங்கி எங்கே, புத்தக அலுமாரி எங்கே என்பன இங்கு அழகு பற்றிய வினாக்கள் மட்டுமல்ல. உயிர் பற்றிய வினாக்களுமாம்.

பெருஞ்சாலையில் இழுக்கப்படும் வீடு புயற்காற்றையும் பூமியதிர்ச்சியையும் ஒருங்கே அனுபவிக்கிறது எனலாம். வெறும் ஆணிகள் அவ்வதிர்ச்சியில் மெல்ல மெல்ல நழுவும். ஆதலால் தச்சர்கள் திருகாணிகளைப் பயன்படுத்துவர். சுவரின் மரச்சட்டங்களோடு ஒட்டுப்பலகையைப் பசையிட்டு இறுக்குவர். அடிச்சட்டத்தை வண்டியின் இரும்போடு முடுக்கிப் பிணைப்பர். கூரைமரங்களைச் சுவரோடு உலோகப் பட்டிகளாற் கட்டுவர்.

சிறு வீட்டுக்கென்றே சில இடர்களும் உள. மனிதர் விடும் மூச்சும் அடுப்பில் எழும் நீராவியும் பெரிய வீட்டிலே கலைந்து மறையும். இங்கோ குளிர்காலத்தில் யன்னற் கண்ணாடியில் நீராய் வழியும், பூஞ்சணம் பிடிக்கும். எரிவாயு அடுப்பும் கணப்பும் சரியான புகைபோக்கியின்றி எரியுமாயின், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உறங்குபவரின் உயிரையே போக்கும். தீப்பிடித்தால் பரணிலிருப்பவர் வெளியேற வேறு வழி வேண்டும். ஆகவே காற்றுத் துளை, நச்சுவாயுவை அறிவிக்கும் கருவி, பரணில் ஆள் நுழையக்கூடிய யன்னல் ஆகிய மூன்றையும் வேண்டாச் செலவென்று எவரும் தவிர்க்கலாகாது.

இவ்வளவு தொல்லைகளையும் ஏற்று இவ்வீட்டை நாடியவர்கள் எதைப் பெற்றார்கள்? டீ வில்லியம்ஸ் என்னும் பெண்மணியின் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு. இருதய நோயால் தம் நாட்கள் எத்தனையோ என்று ஐயுற்ற அவர், போட்லண்ட் நகரிலிருந்த பெரிய வீட்டை விற்றார். 2004 ஆம் ஆண்டில், 84 சதுர அடியில் சில்லேறிய வீடொன்றைத் தம் கையாலேயே கட்டினார். பிறர் கழித்த மரங்களையும் சேர்த்துக் கட்டியமையால் செலவு 10,000 டொலர் அளவில் நின்றது. வீட்டுக் கடனுக்கென்று மாதந்தோறும் உழைக்கும் நிலை நீங்கிற்று. உழைப்பு மிஞ்சியபோது பொழுதும் மிஞ்சிற்று. ஏழடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமான இடத்தை 84 சதுர அடி என்கிறோம். நம்மூர் வீட்டு விறாந்தைகள் சில அதனினும் பெரியவை.

ஆயினும், இக்கதையில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்வம்மையாரின் வீடு எங்கே நின்றது? ஒலிம்பியா நகரில், நண்பர்கள் வீட்டின் பின்வளவிலே நின்றது. நண்பர்கள் மனமுவந்து நிலத்தில் இடந்தராதிருந்தால், அந்த 84 சதுர அடியும் வீதியோரத்தில் நின்றிருக்கும்.

இங்கேதான் சில்லுகளின் வல்லமை முடிந்துவிடுகிறது. வண்டி என்று பெயர் பெற்றதும் கட்டட விதி விலகிற்று. ஆனால் வண்டியில் நிரந்தரமாகக் குடியிருத்தல் ஆகாது என்னும் ஊராட்சி விதி எதிரே வந்து நின்றது. நிலம் சேராத வீட்டுக்கு வங்கிகள் வழமையான வீட்டுக்கடனை வழங்குவதில்லை. காலஞ்செல்ல நிலத்தின் பெறுமதி ஏறும்; வண்டியின் பெறுமதி பெரும்பாலும் இறங்கும். எனவே, கடனிலிருந்து தப்பியவன் சேமிப்பிலும் ஒரு பகுதியை விட்டுத்தான் தப்புகிறான்.

சட்டமும் சிறிது இளகியுள்ளது. கலிபோர்ணியாவின் பிறெஸ்னோ நகரம் 2016 ஆம் ஆண்டில், வீட்டு வளவுகளில் இத்தகைய சில்லுவீடுகளை அனுமதித்தது. 2018 ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகளில், 400 சதுர அடிக்கு மேற்படாத வீடுகளுக்கெனத் தனிப் பின்னிணைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. 2019 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரமும், 2021 இல் போட்லண்ட் நகரமும் சில்லுவீடுகளுக்கு இடமளித்தன. சில்லைப் பூட்டிச் சட்டத்தைக் கடந்தவர்கள், இறுதியில் சட்டத்தையே சற்று நகர்த்திவிட்டார்கள்.

நேயர்களே, கோயில் தேருக்கும் சில்லு உண்டு. அது வீதி வலம் வருவது சில பொழுதே. மற்றைய நாளெல்லாம் அது தன் இருப்பிலேயே நிற்கும். இருப்பிடம் இல்லாத தேரை எவரும் கட்டுவதில்லை. வீடும் அத்தகையதே. வாழ்வுக்கு வேண்டும் பொருள்கள் எவ்வளவு சிலவென்பதை இச்சிறுவீடுகள் உலகுக்குக் காட்டியிருக்கின்றன, அப்பாடம் பெரிது. ஆனால், அவ்வளவு சிறியதையும் நிறுத்த ஒருவனுக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற பாடத்தையும் அவையே காட்டுகின்றன. கையளவு வீட்டைக் கட்டத் தனிமனிதனின் முயற்சி போதும். அது நிற்பதற்குப் பாயளவு நிலத்தை ஒதுக்க ஊரார் அனைவரின் மனமும் இசைய வேண்டும்.