வண்டி எங்கே நிற்கும்?



மோட்டார் சைக்கிள், பழைய கார் என்று வாகனத்தின்மேல் ஆசை வைத்த நாற்பது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேண்டும். பாதிப் பேர் கிள்ளான்காரர்கள், பாதிப் பேர் கோலாலம்பூர்க்காரர்கள். எங்கே கூடுவது? கேட்டவுடன் ஓர் அணி பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாடு என்கிறது. எதிரணி கிள்ளான் தெங்கு கிளானா சாலை என்கிறது. இரண்டுமே லிட்டில் இந்தியாதான், இரண்டிலும் வயிறு நிறையும். ஆனால் நாற்பது வண்டிகளும் எங்கே நிற்கும்? அதை யாரும் கேட்கவில்லையே!

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்பு வீடுகள் போய்ச் செங்கல் வீடுகள் வந்தன. அதற்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த இடம் இது. பின்னாளில் ரயில்வே தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியா திறக்கப்பட்டது. இதெல்லாம் பலருக்கும் தெரியும்.

ஆனால் 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் இங்கேதான் இருக்கிறது. நடைபாதையில் மேடு வைத்த ஓடுகள் பதித்திருக்கிறார்களே, அவை அழகுக்காகவா? நீளக் கோடுகள் இருந்தால் 'நேரே போகலாம்' என்று பொருள். புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி' என்று பொருள். வெள்ளைக் கோலின் நுனியும் பாதமும் படிக்கிற எழுத்து அது.

அந்த எழுத்தின்மேல் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் என்ன ஆகும்? கோல் முதலில் சக்கரத்தில் முட்டும். வழி தேடி விலகினால் சூடான புகைக்குழாய் காலைச் சுடும். இல்லையென்றால் பஸ்ஸும் காரும் ஓடுகிற சாலையில் இறங்க வேண்டும். "ஐந்து நிமிடம்தானே, தேத்தாரே குடித்துவிட்டு எடுத்துவிடலாம்" என்பது வண்டிக்காரர் கணக்கு. அந்த ஐந்து நிமிடத்தில் அங்கே வருகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

கிள்ளானுக்குப் போனால் சிக்கல் தீருமா? தெங்கு கிளானா சாலை கடைத்தெரு. தீபாவளி நெருங்கினால் நடக்கவே இடம் இருக்காது. நாற்பது வண்டிகள் காலை முழுவதும் அங்கே நின்றால், புடவைக் கடைக்கும் பூக்கடைக்கும் வருகிறவர்கள் எங்கே நிறுத்துவார்கள்? சந்தோஷமாகக் கூடிய கூட்டத்தால் கடைக்காரர் வியாபாரம் கெடலாமா?

லண்டனில் ஏஸ் கஃபே என்றொரு கடை. 1938இல் பெருஞ்சாலை ஓரத்தில் திறந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் உலகெங்கும் அறிந்த இடம். 1969இல் மூடி, 2001இல் மீண்டும் திறந்தார்கள். டீ மட்டுமா அந்தப் பெயரை வாங்கித் தந்தது? கடைக்கு முன்னால் வண்டி நிறுத்தச் சொந்த இடம் இருந்தது.

அப்படியானால் இங்கே என்ன செய்யலாம்? கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே ஷா ஆலாமும் பெட்டாலிங் ஜெயாவும் இருக்கின்றன. அங்கே திறந்த வாகன நிறுத்துமிடம் ஒன்றைப் பாருங்கள். கழிப்பறை வேண்டும். மாலை மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும்; இல்லாவிட்டால் எல்லாரும் கூட்டரசு நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் நெருக்கியடித்து நிற்க வேண்டியதுதான். இடத்துக்கு உரியவரிடமும் ஊராட்சி மன்றத்திடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வேகம் பார்க்க ஆசையா? 1999இல் திறந்த சிப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. பொதுச் சாலை பந்தயத் தடம் அல்ல. இந்த நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்.

"வாழையிலைச் சாப்பாட்டை விட்டுவிடுவதா?" என்று எதிரணியினர் கேட்பார்கள். விட வேண்டாமே! கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு கொமுட்டர் ரயில் நேராக வருகிறது. இறங்கி நடந்தால் பிரிக்பீல்ட்ஸ். இன்னொரு நாள் குடும்பத்தோடு வந்து சாப்பிடுங்கள்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் மோட்டாரில் சுற்றி வந்தால் போதாது. ஒருமுறை நடந்து பாருங்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய் அந்த வழியே போக முடியுமா, வெள்ளைக் கோலோடு ஒருவர் தடுக்காமல் போக முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அங்கே கூடுங்கள். அந்தத் தெருக்காரர்களே அடுத்த முறையும் வாருங்கள் என்பார்கள்.