வாணலி ஏறாத வீடு

(பண்டிகை மகிழ்ச்சி பெரிதும் பொங்குவது கடைவீதியிலா, அடுப்படியிலா? 'அடுப்படியிலே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னாலே பேசிய தம்பி ஜெர்மனிக்கே போயிட்டு வந்துட்டார். டிரெஸ்டன் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தை 1434-லே தொடங்கியது, அந்த விளக்கும் கூட்டமும் அடுப்படியிலே உண்டா என்று கேட்டார். தம்பி, அந்தச் சந்தைக்குப் பேர் என்ன? ஸ்ட்ரீட்செல்மார்க்ட். ஸ்ட்ரீட்செல் என்றால் உலர்பழம் போட்டுச் சுடுகிற பண்டிகை ரொட்டி. சந்தைக்கே பலகாரத்தின் பேரைத்தான்யா வெச்சிருக்கான்! (கைதட்டல்)

சரி, நம்ம கள்ளக்குறிச்சிக்கு வாங்க. டிசம்பர் பிறந்தா கடைவாசலிலே காகித நட்சத்திரம் தொங்கும். எறையூர்ப் பக்கம் போகிற பஸ்ஸிலே கேக் பெட்டி மடியிலே உட்கார்ந்து போகும். பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனா அச்சுமுறுக்கு சுடுவதைப் பார்த்திருக்கீங்களா? அச்சு முதலிலே எண்ணெயிலே காயணும். பிறகு மாவிலே முக்கால் பாகம்தான் முக்கணும். முழுசா முக்கிட்டா முறுக்கு அச்சை விட்டு வராது. மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி! (சிரிப்பு)

எதிரணிச் சகோதரி ஒன்று கேட்டார்: "அடுப்படியிலே வேகிறது பெண்கள்தானே, ஐயாவுக்கு என்ன?" நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். என் அம்மா கையிலே எண்ணெய் தெறித்த தழும்பு உண்டு. இப்போ எங்க வீட்டிலே கல்கலாவைப் புதுச் சீப்பிலே உருட்டுவது நான்தான். என் தலைக்குச் சீப்பு வேறு எதற்கு? (பலத்த சிரிப்பு)

ஒன்றைச் சொல்கிறேன். நான் ஏழாவது படிக்கிறபோது புரட்டாசியிலே அப்பா தவறிட்டார். துக்க வீட்டிலே அந்த வருஷம் பண்டிகைக்கு வாணலி ஏறாது, உங்களுக்குத் தெரியும். தீபாவளி அன்னிக்குத் தெருவே மணக்குது, எங்க வீடு மட்டும் வெறிச்சுனு கிடக்குது. என் தங்கச்சிக்கு அஞ்சு வயசு. அதுக்குத் துக்கம் தெரியுமா? பக்கத்து வீட்டு டீச்சரம்மா எவர்சில்வர் தட்டு நிறைய அச்சுமுறுக்கோடு வந்தாங்க. அவங்க கிறிஸ்தவங்க, அவங்களுக்குத் தீபாவளி கிடையாது. டிசம்பரிலே சுட வேண்டியதை எங்களுக்காக ஐப்பசியிலேயே ராத்திரி உட்கார்ந்து சுட்டிருக்காங்க. கடையிலே அரைக்கிலோ வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருக்கலாம். எங்கம்மா அன்னிக்கு அழுத அழுகை அந்தப் பொட்டலத்துக்கு வந்திருக்காது.

2024 ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தாங்களே. அந்த வருஷத் தீபாவளிக்கு வாணலி ஏறாத வீடு அங்கே எத்தனை! கடைவீதி அன்னிக்கும் விளக்குப் போட்டுத்தான் இருந்திருக்கும். அதைக் குறை சொல்லலே, அது வியாபாரம். அந்தக் கதவைத் தட்டணும்னா யாரோ ஒருத்தர் தன் வீட்டு அடுப்பை மூட்டியிருக்கணும். கல்வராயன் மலையிலே வெல்லத்தை ஊறல் போட்டாங்க, அழித்தோம் என்று அடிக்கடி செய்தி வருது. அதே வெல்லம்தானே ஐயா அதிரசத்துக்கும் பாகு ஆகுது?

டீச்சரம்மா தட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுட்டேனே. வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனசு வரலே. அடுப்பிலே எண்ணெய் வைக்கவும் முடியாது. ஒரு வருஷம் அது பரணிலே கிடந்தது. மறுவருஷம் மலையிலிருந்து வந்த சாமையை இடித்துச் சலித்து, அதிரசம் சுட்டு, அந்தத் தட்டிலே அடுக்கி, என் கையிலே கொடுத்தாங்க. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சரம்மா தட்டைப் பார்த்துட்டு, "இது தொலைஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்டா" என்றாங்க.

நடுவர் மணியடிக்கிறார்.